அத்தையின் கம்ப்யூட்டருக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் அத்தையின் கம்ப்யூட்டருக்கு எந்த மெமரி வாங்குவது என்ற கேள்வியை ஆண்டாள்தான் தீர்த்து வைத்தாள். இதை எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வாயைத் திறப்பதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்கட்டிப் பார்த்துத்தான் வாங்கினோம். பொட்டலத்தை எடுத்தது நான்.

அத்தை என்றால் அப்பாவுக்குத் தங்கை. நான் நாலாவது படிக்கும்போது தென்காசியிலிருந்து, தன் புருஷன் வீட்டிலிருந்து, ஒரு சூட்கேஸோடு வந்தாள். பொங்கலுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பொங்கல் முடிந்து கரும்புச் சக்கையை எல்லாம் பெருக்கி அள்ளிய பிறகும் அவள் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அம்மா என்னை இழுத்து உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிட்டாள். பதில் சொல்லப் பிரியப்படாத கேள்விகளுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பதில். அந்த வருஷம் என் தலைமுடி நன்றாக வளர்ந்தது.

அத்தை சும்மா இருக்கிறவள் இல்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து டிடிபி படித்தாள். படித்து முடித்ததும் எங்கள் வீட்டின் முன்னறையில் இருந்த சைக்கிளையும் சாக்கு மூட்டைகளையும் வெளியேற்றிவிட்டு ஒரு கம்ப்யூட்டரைக் குடியேற்றினாள். 'ஜாப் டைப்பிங் செய்யப்படும், கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரப்படும்' என்று ஒரு போர்டு தொங்கியது. அந்த அறைக்குள் போக வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது, காலையும் கழுவிவிட்டு வர வேண்டும். பூஜை அறைக்குக்கூட அப்படி ஒரு சட்டம் எங்கள் வீட்டில் கிடையாது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவர் பாய். அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். முதலில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். காலம் மாறியதும் கடை போர்டை மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் அவருக்குத் தனி டம்ளர் கிடையாது, தனி மரியாதையும் கிடையாது. வந்தால் நேராக அடுப்படி வரைக்கும் போய் அம்மாவிடம் காபி கேட்பார்.

எனக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். அத்தை எழுத்தைத் தட்டும்போது எங்கே போய் உட்காருகிறது, கரண்டு போனதும் எங்கே ஓடிப்போகிறது என்றெல்லாம் கேட்டு அவளை அரித்தெடுத்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்.

"பீரோவுல எம்புட்டு வேணும்னாலும் அடுக்கி வைக்கலாம்லா? ஆனா வேலை பாக்கணும்னா எடுத்து மேசையில பரப்பணும். அந்த மேசைதான் மெமரி. நம்ம மேசை சின்னது. அதான் மூச்சு வாங்குது."

மூச்சு வாங்கியது உண்மை. ஒரு படத்தைத் திறந்தால் திரையில் மணற்கடிகாரம் வந்து நிற்கும். நான் அதற்குள் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு வருவேன். சில சமயம் மணற்கடிகாரமும் அசையாமல் அப்படியே உறைந்துவிடும். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கி அணைப்பாள். அதுவரை செய்ததெல்லாம் போச்சு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேரை ஒரே நாளில் பலமுறை அடித்திருக்கிறாள். அந்த மாப்பிள்ளைக்கே அவ்வளவு தடவை அவர் பேரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இது வெறும் எரிச்சலோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. தேவதானத்தில் விவசாயம் பார்த்த பெரியப்பா, அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர், மாதம் ஒருமுறை வருவார். வந்ததும் முன்னறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடை எப்படி ஓடுகிறது என்று கேட்பார். ஓடுகிறது என்றால் காபியோடு பேச்சு முடிந்துவிடும். சுமார் என்று சொல்லிவிட்டால் பேச்சு தென்காசிக்குப் போய்விடும். இந்தக் கணக்கை நான் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். அதனால் அவர் தெருமுனையில் வருவது தெரிந்தாலே என் கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூட்டிவந்து, பத்திரிகை அடிக்க வந்தவர்கள் மாதிரி முன்னறை வாசலில் நிறுத்தி வைப்பேன்.

ஒரு தடவை வந்தபோது பெரியப்பா காபியைத் தொடவே இல்லை.

"ஏலே, எத்தன நாளைக்கு இப்பிடி வச்சிருப்ப? தென்காசிக்காரவிய திரும்பக் கூட்டிக்கிடுதோம்னு ஆள் மேல ஆள் அனுப்புதாவ. பங்குனிக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தாலும் மின்விசிறிதான், வருத்தம் வந்தாலும் மின்விசிறிதான். பிறகு, அத்தை ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் வேலையைப் பிடித்திருப்பதாகவும், பெரிய வேலை என்றும், அது நல்லபடியாக முடிந்தால் அவள் இங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். முடியாவிட்டால் என்று பெரியப்பா கேட்டார். "பாப்போம்ணே" என்றார் அப்பா. கதவுக்கு இந்தப் பக்கம் அத்தை நின்றிருந்தாள். அவள் கை என் தோளில் இருந்தது. என் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள். காலையில் சரியாகப் பின்னவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மலர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துடையது. கட்டுரை, கவிதை, தாளாளர் வாழ்த்து, அதோடு எக்கச்சக்கமான போட்டோக்கள். ஒவ்வொரு போட்டோவையும் ஸ்கேன் செய்து பக்கத்தில் வைக்க வேண்டும். ஆறாம் வகுப்பு குரூப் போட்டோவை வைத்ததும் கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்திக்கொண்டது. மறுபடி வைத்தாள், மறுபடி நின்றது. அன்றைக்கு முழுக்க அந்த ஆறாம் வகுப்பைத் தாண்ட முடியவில்லை.

பாய் வந்து திறந்து பார்த்தார். நானும் தலையை நீட்டிப் பார்த்தேன். பச்சைப் பலகை, கம்பிகள், தூசி. உள்ளே ஒரு ஊரே இருக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவர் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பட்டையைக் காட்டி, இதுதான் மெமரி, பக்கத்து இடம் காலியாக இருக்கிறது, இன்னொன்று போட்டால் குதிரை மாதிரி ஓடும் என்றார். தன் கடையிலேயே ஒன்று இருப்பதாகவும் சொன்னார்.

அதற்குப் பெட்டி கிடையாது, பேர் கிடையாது. பளபளப்பான ஒரு உறையில் போட்டு மேசை டிராயரில் வைத்திருந்தார். தைவானிலிருந்து கப்பலேறி, மதராஸில் இறங்கி, மதுரை வழியாக வந்த சாமான். அதை எல்லோரும் 'லோக்கல்' என்றுதான் சொன்னார்கள். இன்னொரு வகை, மதுரையில் ஒரு பெரிய கடையில் கிடைக்கிற கம்பெனி மெமரி. அட்டைப் பெட்டி, மேலே வெள்ளிச் சீட்டு, உள்ளே கேரண்டி கார்டு. விலை மட்டும் கண்ணைக் கட்டியது.

"எதுக்கு அம்புட்டு தூரம்? உங்க சரக்கே போதும். எடுத்து வைங்க பாய்" என்றார் அப்பா. பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்பா ஒரு வார்த்தை கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அதைத் திரும்ப வாங்கி நான் பார்த்ததில்லை. ஒருதரம், மழை வராது என்று சொல்லிவிட்ட காரணத்துக்காகக் குடை பிடிக்க மறுத்து நனைந்துகொண்டு மில்லுக்குப் போனவர் அவர்.

பாய் போனதும் அத்தை மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, எனக்குக் கம்பெனி மெமரிதான் வேணும்."

அப்பா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அத்தை வீட்டுக்கு வந்த இத்தனை நாளில் எனக்கு இது வேண்டும் என்று அவள் கேட்டு நான் கேட்டதே இல்லை. மீந்ததைச் சாப்பிடுவாள், அம்மா கட்டிப் பழசான சேலையைக் கட்டுவாள்.

சண்டை ஆரம்பித்தது. சண்டை என்றால் அப்பா பேசுவார், அத்தை பேசாமல் இருப்பாள். அப்பா நூல் மில்லில் பேக்கிங் பகுதியில் வேலை பார்த்தார். அந்த விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. ஆயுத பூஜைக்கு மில்லைத் திறந்துவிடும்போது என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். ஒரே மெஷினிலிருந்து இறங்கிய நூல் கோன்கள் ஒரே மேசையில் குவிந்து கிடக்கும். ஒரு பக்கம் மயில் படம் போட்ட சீட்டு ஒட்டுவார்கள், இன்னொரு பக்கம் யானை படம். மயில் நூலுக்கு விலை அதிகம். யானை நூல் எந்த விதத்தில் மட்டம் என்று நான் இரண்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

"சீட்டு ஒட்டுதவன்ட்ட வந்து சீட்டைக் காட்டுதியேட்டி!" என்று கத்தினார். பால்கோவாவையும் விடவில்லை. சட்டியிலிருந்து எடுத்து இலையில் வைத்துக் கொடுத்தால் ஒரு விலை, அதையே படம் போட்ட பெட்டிக்குள் வைத்தால் இன்னொரு விலை, நாக்குக்குப் பெட்டி தெரியுமா என்று கேட்டார். கடைசியில் ஆண்டாளையே சாட்சிக்கு இழுத்தார். சூடிக் களைந்த மாலைதான் வேண்டும் என்று பெருமாளே கேட்டு வாங்கினாராம்; பெட்டியில் வராத மெமரி இவளுக்கு ஆகாதாமா? அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அத்தை ஒன்றே ஒன்றுதான் திருப்பிச் சொன்னாள்.

"பாய் சாமான் கெட்டதுன்னு யாரு சொன்னா? கெட்டுப்போனா பாய் மாத்தித்தான் தருவாரு. உங்க மொகத்துக்குத் தருவாரு. எனக்குன்னு கேக்க ஒரு கார்டு வேணும்ணே."

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு இது சுத்த முட்டாள்தனமாகத் தோன்றியது. பாய் நம்ம பாய். கார்டு வெறும் காகிதம். பாய் இருக்கும்போது காகிதம் எதற்கு? மனதுக்குள் நான் அப்பா கட்சி. ஆனால் அந்த வெள்ளிச் சீட்டை ஒருதரம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்ததால் வெளியே சொல்லவில்லை.

இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்குச் சோறு வேண்டுமா என்று அத்தை என்னிடம் கேட்பாள், வேண்டாம் என்று அப்பா என்னிடம் சொல்வார், இருவருக்கும் நடுவில் அரையடி தூரம்கூட இருக்காது. மலர் ஆறாம் வகுப்பிலேயே நின்றது. ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, முடியாவிட்டால் சொல்லுங்கள், சிவகாசியில் கொடுத்துவிடுகிறோம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். பாய் வேறு, எடுத்து வைத்திருக்கிறேன், எப்போது மாட்டட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

வழி சொன்னது அம்மா. "பூக்கட்டிப் பாத்திருவோம். ஆண்டாள் தாயார் என்ன சொல்லுதாளோ அது" என்றாள். எங்கள் வீட்டில் இழுபறியான காரியங்களுக்கெல்லாம் அதுதான். அம்மாவுக்கு அப்பாவைப் பார்த்தபோதும், இந்த வீடு கட்டுவதற்கு முன்னாலும் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ, இலையில் மடித்து நாரால் கட்டி, சன்னிதியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. எடுத்ததைப் பிரித்தால் பதில். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் பஸ் ஏறினோம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஆண்டாளுக்கு மெமரி என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? நான் அத்தையிடம் கேட்ட மாதிரி அவள் யாரிடமாவது கேட்டிருப்பாளா? அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் அவளுக்குத் தெரியும், சும்மா வா" என்றார். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு பீரோவையும் மேசையையும் பற்றி ஆண்டாளுக்கு விளக்கமாகச் சொல்லி வைத்தேன்.

கோவில் வாசலில் பூக்காரம்மாவிடம் அப்பா கைநிறைய நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கினார். வெள்ளை வந்தால் கம்பெனி, சிவப்பு வந்தால் லோக்கல் என்று சத்தமாக ஒருதரம் சொன்னார். யார் கட்டுவது என்ற பேச்சு வந்தபோது, நான் கட்டுகிறேன் என்று அவரே வாங்கிக்கொண்டார். பேக்கிங்கில் வேலை பார்க்கிறவர், அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அம்மாவும் அத்தையும் துளசி மாலை வாங்கப் போனார்கள். எடுக்கப்போகிற பிள்ளை பார்க்கக் கூடாது என்பதால் என்னைக் கோபுரத்தைப் பார்த்து நிற்கச் சொன்னார்.

நின்றேன். பொம்மைகளைப் பார்த்தேன். புறாக்களைப் பார்த்தேன். கழுத்து வலித்தது. முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாயிற்று என்றுதான் தோன்றியது. ஆனால் திரும்பு என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"இன்னொரு இலை இருந்தா குடும்மா. கிழிஞ்சிருச்சு."

நான் தலையைத் திருப்பப் போனேன். "அங்க பாரு" என்றார். மறுபடி புறாவைப் பார்த்தேன்.

சன்னிதியில் கூட்டமில்லை. பட்டர் இரண்டு பொட்டலங்களையும் தட்டில் வாங்கித் தாயார் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து என் முன்னால் நீட்டினார். அத்தை கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. சிவப்பு வந்தால் அத்தை அழுவாள், வெள்ளை வந்தால் அப்பா கோபப்படுவார். இரண்டில் எது தேவலை என்று யோசித்து எனக்குப் பிடிபடவில்லை. எடுத்தேன். பட்டர் பிரித்தார்.

வெள்ளை.

அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு மெமரிக்கு இப்படியா அழுவார்கள் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் என்ன செய்ய? தாயாரே சொல்லிட்டா. பாய்ட்ட என்னத்தச் சொல்லுவேன்" என்று வழி நெடுகப் புலம்பினார்.

இன்னொரு பொட்டலத்தை அப்பா என்னிடம் கொடுத்துத் திருமுக்குளத்தில் விட்டுவிட்டு வரச் சொன்னார். ஓடினேன். படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஏட்டி, கொளத்துல குப்பையப் போட்டேன்னா தெரியும்!" என்று ஒரு அதட்டு அதட்டினாள். இது குப்பை இல்லை, ஆண்டாள் பதில் என்று சொல்ல வாய் வரவில்லை. கவுன் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு வரும் வழியில் அப்பா பால்கோவா வாங்கினார். எப்போதும் இலையில் வாங்குகிறவர், அன்றைக்குப் படம் போட்ட பெட்டியில் வாங்கினார். அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கோபத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் வாங்கிவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன்.

பஸ்ஸில் நான் அப்பா பக்கத்தில். அம்மாவும் அத்தையும் முன் இருக்கையில். பைக்குள் பொட்டலம் உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீரில் விடச் சொன்னது விட முடியவில்லை. பிரிக்காமல் இருப்பதும் முடியவில்லை. இருக்கைக்குக் கீழே கையை வைத்து நாரை உருவினேன்.

அதிலும் வெள்ளைதான்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் எதை எடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும்! சிவப்பைக்கூட வெள்ளையாக்கிவிட்டாள் ஆண்டாள்! அப்பாவின் சட்டையை இழுத்துக் காட்டினேன். அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன் இருக்கையைப் பார்த்தார். பிறகு அந்தப் பூவை எடுத்து என் பின்னலில் செருகினார்.

"தாயார் ஒரு முடிவு எடுத்தாள்னா ரெண்டு பக்கமும் எடுத்துருவா" என்றார் மெல்ல. "யார்ட்டயும் சொல்லாத. சொன்னா பலிக்காது."

பலிக்க வேண்டும் என்பதற்காக நான் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய அதிசயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

பாயிடம் அப்பா போய்ச் சொன்னார். பாய் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "ஆண்டாளம்மா உத்தரவுன்னா பொறவு என்ன பேச்சு? வாங்கிட்டு வாங்க, நானே மாட்டித் தாரேன்" என்றாராம். அத்தையே மதுரைக்குப் போய், அவளே கேட்டு வாங்கி வந்தாள். பாய் சொன்னபடியே வந்து மாட்டினார். ஒருவேளை புது மெமரியைக் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்று தன் லோக்கல் மெமரியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அத்தை போட்டோ பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து நான் வெள்ளிச் சீட்டிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தேன். பச்சைப் பட்டைமேல் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள் இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் பொடி எழுத்து. கம்பெனி மெமரியில் இருந்த அதே எழுத்து, அதே எண், லோக்கல் மெமரியிலும் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்!" என்று கத்திவிட்டேன்.

"சில்லு ஒரே எடத்துலருந்து வாரதுதான் பாப்பா. மேல ஒட்டுற சீட்டுதான் வேற" என்று பாய் சிரித்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போது குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தானே! அப்பா குதிக்கவில்லை. அந்தக் கண்ணாடியை எடுத்த இடத்தில் வை என்றார். அவ்வளவுதான். ஜெயித்துவிட்டோம் என்று தெரியாமலே உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

அத்தை எங்களை யாரையும் பார்க்கவில்லை. கேரண்டி கார்டில், வாங்கியவர் பெயர் என்ற இடத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். தன் பேரை எழுதி, முன்னால் தாத்தாவின் இனிஷியலைப் போட்டாள், கல்யாணத்துக்கு முன்னால் போட்ட மாதிரி. எழுதி முடித்து ஊதிக் காயவைத்தாள்.

கம்ப்யூட்டர் ஆறாம் வகுப்பைத் தாண்டியது. பிளஸ் டூ வரைக்கும் எங்கும் நிற்காமல் போனது. பங்குனியில் பெரியப்பா வந்தபோது அத்தை மலரை அவர் கையில் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அத்தையின் கடைப் பேர் இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார், நல்லாத்தான் இருக்கு என்றார், காபி குடித்தார், போய்விட்டார். தென்காசிப் பேச்சு அதோடு தேய்ந்து நின்றது. அத்தை இன்றைக்கும் அதே தெருவில், முன்னறையைவிடப் பெரிய கடையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து பகலெல்லாம் அங்கேதான். வருகிறவர்களிடம், அன்றைக்குத் தாயார் மட்டும் குறுக்கே வராமல் இருந்தால் பாதி விலையில் முடித்திருப்பேன் என்று இன்னமும் சொல்கிறார். "ஆமாமா, தாயார் பிடிவாதக்காரி" என்று அத்தை தலையை நிமிர்த்தாமலே சொல்கிறாள்.

போன வருஷம் எங்கள் சித்தி மகளுக்கு எந்தக் காலேஜ் என்ற இழுபறி வந்தது. அம்மா என்னைப் பூக்கட்டச் சொன்னாள். அதே வாசல், அதே நந்தியாவட்டை, அதே செவ்வரளி. இலையில் வைத்து, மடித்து, நாரைச் சுற்றி, இரண்டையும் கட்டி முடித்துவிட்டு, கோபுரத்தைப் பார்த்து நின்ற பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையைத் திரும்பு என்றேன். அவள் அதற்குள்ளா என்றாள். நான் கையிலிருந்த பொட்டலங்களோடு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு பொட்டலம் கட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பேக்கிங்கில் காலம் தள்ளிய மனிதருக்கு இலை எப்படிக் கிழியும்?

அவர் முதலில் நியாயமாகத்தான் கட்டியிருக்கிறார். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. பிறகு சும்மா உட்கார்ந்து யோசித்திருக்கிறார். தான் சொல்வதுதான் சரி என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அத்தைக்கு வேண்டியது மெமரி இல்லை என்பதும் தெரியும். பாய்க்குக் கொடுத்த வார்த்தையிலிருந்து தாயாரைத் தவிர வேறு யாரும் அவரை இறக்கிவிட முடியாது. சிவப்புப் பொட்டலத்தைப் பிரித்து, மிச்சமிருந்த வெள்ளைப் பூவை வைத்துக் கட்டப் பார்த்திருக்கிறார். அந்த அவசரத்தில்தான் இலை கிழிந்திருக்கிறது.

ஒருவர் தோற்பதற்காக இத்தனை கவனமாக முடிச்சுப் போடுவார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. பஸ் ராஜபாளையம் வந்து சேரும்வரை பின்னலில் இருந்த வெள்ளைப் பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, எங்கள் அப்பாவைவிட ஆண்டாளுக்குத்தான் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.